விதைக்குன்னு விட்ட பூச்செடிக்கு ஜிஏ (ஜிப்ரலிக் ஆசிட்) அடிக்கலாமா? பூ கூடுது, விதை கூடுமா?

#1 மொட்டுமலர்

எல்லாருக்கும் வணக்கம். நான் பூ பறிக்கிறதுக்கு வளக்கல, விதை எடுக்கத்தான் வளக்குறேன். மேரிகோல்டு, சைனா ஆஸ்டர், ஜினியா இந்த மூணுதான் பெரும்பாலும். போன சீசன்ல பூ நல்லாவே வந்துச்சு, ஒவ்வொரு செடியும் பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, ஆனா காஞ்ச பூவை உதுத்து பாத்தா பாதிக்கு மேல சாவி, அதாவது பதர். மேரிகோல்டு விதை கறுப்பா குச்சி மாதிரி இருக்கணும் இல்லையா, அதுல நெறைய வெளுத்து தட்டையா, நகத்தால அழுத்துனா உள்ள ஒண்ணுமே இல்லாம மடங்குது.

இப்ப எங்க பாத்தாலும் ஜிப்ரலிக் ஆசிட் அடிங்க, பூ ரெண்டு மடங்காகும்னு போடுறாங்க. என் கேள்வி பூவை பத்தி இல்ல. விதை கூடுமா? அடிச்சா எப்ப அடிக்கணும், எவ்ளோ அடிக்கணும்? கைல இருக்கிற பாட்டில்ல ஜிப்ரலிக் ஆசிட் 0.001%னு போட்டிருக்கு. சிசிசி, பேக்லோபியூட்ரசால்னும் சிலர் சொல்றாங்க, அதெல்லாம் செடியை குட்டையாக்குறது தானே, அது எப்படி பூவை கூட்டும்? அனுபவம் இருக்கிறவங்க விவரமா சொல்லுங்க.

#2 மாடிச்செடி

லிட்டருக்கு 2 மில்லி போட்டு சாயந்திரம் அடிங்க அக்கா, நான் பெட்டூனியாக்கு அடிக்கிறேன் நல்லா பூக்குது. 100 பிபிஎம்னு எல்லாரும் சொல்றாங்க அதுதான் கணக்கு.

#3 நாத்தங்கால்

> லிட்டருக்கு 2 மில்லி போட்டு... 100 பிபிஎம்னு

தம்பி இந்த கணக்கை முதல்ல சரி பண்ணிக்குவோம், ஏன்னா இந்த ஒரு இடத்துலதான் நெறைய பேர் வருஷக்கணக்கா ஏமாறுறாங்க. பிபிஎம்னா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். 0.001%னா ஒரு லிட்டர்ல 10 மில்லிகிராம், அதாவது பாட்டில்ல இருக்கிறதே 10 பிபிஎம் தான். தண்ணியே கலக்காம அப்படியே ஊத்துனாலும் 10 பிபிஎம். அதுல 2 மில்லி எடுத்து ஒரு லிட்டர்ல கலந்தா 0.02 பிபிஎம் வரும். 100 பிபிஎம்னு கட்டுரைல படிச்சிட்டு இதை அடிச்சா சொன்னதுல ஐயாயிரத்துல ஒரு பங்குதான் செடிக்கு போகுது. அந்த பாட்டில் அதோட லேபிள்ல சொன்ன பயிருக்கு சொன்ன அளவுல போடுறதுக்கு, ஆராய்ச்சில வர்ற 100, 200 பிபிஎம் வேற விஷயம்.

அந்த அளவு வேணும்னா தூள் வாங்கணும். 90% தூள்னா ஒரு லிட்டருக்கு 111 மில்லிகிராம் போட்டா 100 பிபிஎம், பத்து லிட்டர் டேங்குக்கு 1.1 கிராம் சுமாரா. 40% தண்ணில கரையிற குருணைன்னா பத்து லிட்டருக்கு 2.5 கிராம். சுத்தமான தூள் நேரா தண்ணில சீக்கிரம் கரையாது, மேல மிதக்கும் இல்லன்னா அடில தங்கும், கொஞ்சம் ஆல்கஹால்ல முதல்ல கரைச்சுட்டு அப்புறம் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா கலக்கிகிட்டே ஊத்தணும். கரைச்ச தண்ணி அன்னைக்கே தீரணும், எடுத்து வச்சு அடுத்த வாரம் அடிச்சா வேலை செய்யும்னு நம்ப வேண்டாம், காரத்தன்மை உள்ள தண்ணியா இருந்தா இன்னும் சீக்கிரம் சக்தி போயிடும்.

மொட்டுமலர் உங்க கேள்விக்கு வர்றேன். விதை எங்க குறையுதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். செடில பூவே கம்மியா, பூ இருந்தும் விதை பிடிக்கலயா, பிடிச்ச விதை நெறயலயா, நெறஞ்சது சாஞ்சு விழுந்து மழைல அழுகுதா? நாலுக்கும் நாலு வேற மருந்து, சிலதுக்கு மருந்தே தேவையில்ல. உங்களுக்கு பூ வந்திருக்கு, அப்ப பூவை கூட்டுற மருந்து அடிச்சா சாவிதான் கூடும்.

#4 லேப்கோட்

நாத்தங்கால் அண்ணா சொன்ன கடைசி வரியை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். நான் படிக்கிற பக்கத்துல இருந்து கொஞ்சம் விளக்குறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

ஜிஏங்கிறது ஜிப்ரலின்கிற வளர்ச்சி ஹார்மோன்ல ஒரு வகை. ஜிப்ரலினோட கதையே நெல்லுல ஆரம்பிக்குது. ஜப்பான்ல நெல் நாத்து சில சமயம் கிடுகிடுன்னு உயரமா வளந்து வெளுத்து, கதிர் வராம சாஞ்சுடும், அதை பக்கானே நோய்னு சொல்லுவாங்க. 1926ல குரோசவாங்கிற விஞ்ஞானி அந்த பூஞ்சணம் சுரக்கிற ஏதோ ஒரு பொருள்தான் காரணம்னு காட்டுனார், 1935ல யபூட்டா அதை பிரிச்செடுத்து ஜிப்ரலின்னு பேர் வச்சார். நான் இதை ஏன் சொல்றேன்னா, ஜிஏவோட முதல் வேலை நீட்டுறது. அந்த நோய் வந்த நெல்லு நல்லா உயரமா இருந்துச்சு, ஆனா மகசூல் போச்சு. உயரமா செழிப்பா தெரியிற செடி விதையும் நெறைய தரும்னு எடுத்துக்க முடியாது.

ஆனா ஜிஏ நெஜமாவே உதவுற இடம் இருக்கு. சைனா ஆஸ்டர் எடுத்துக்கோங்க. அதுக்கு தண்டு நீள பகல் நீளமா இருக்கணும். பகல் குறைவான காலத்துல வளந்தா இலை எல்லாம் தரையோட ஒட்டி அடுக்கடுக்கா உக்காந்துக்கும், தண்டு எழும்பாது, கிளை வராது, பூவும் ஒண்ணு ரெண்டு குட்டையா வந்துட்டு நின்னுடும். அந்த மாதிரி செடிக்கு ஜிஏ நீண்ட பகலோட வேலையை ஓரளவு செஞ்சு குடுக்கும், தண்டு எழும்பும், கிளை விடும், கிளைக்கு ஒரு பூன்னு வரும், அதனால விதையும் கூடும். அங்க தடையா இருந்தது தண்டு, அந்த தடையை மருந்து எடுத்துச்சு. ஆனா நீண்ட பகல்ல தானே நல்லா வளந்திருக்கிற ஆஸ்டருக்கு அதையே அடிச்சா செடி ஒல்லியா நீண்டு காத்துக்கு சாயும்.

மேரிகோல்டுல சாவி வர்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கலாம், அது ஹார்மோனே இல்ல. உங்க செடி டபுள் ரகமா அக்கா?

#5 மொட்டுமலர்

ஆமா தம்பி, பெரிய ஆரஞ்சு டபுள், பந்து மாதிரி இருக்கும். நீங்க கேட்டதும் இப்ப ஒரு பூவை நடுவுல பிளந்து பாத்தேன். ஓரத்துல மட்டும் இல்ல நடு வரைக்கும் இதழ் இதழாவே போகுது. ஒவ்வொரு இதழையும் இழுத்தா அடில ஒரு குட்டி வெள்ளை குச்சி ஒட்டிகிட்டு வருது, அதோட நுனில ரெண்டா பிரிஞ்ச நூல் மாதிரி ஒண்ணு. நடுவுல ஏழெட்டு மட்டும் குழாய் மாதிரி சின்னதா இருக்கு, அதுல மட்டும் மஞ்சள் தூள் கைல ஒட்டுச்சு. பழைய காஞ்ச பூவையும் பிளந்து பாத்தேன், கறுத்து தடிச்ச விதை ஓரத்துல இருக்கு, உள்ள போக போக வெளுத்தது. இதுக்கும் சாவிக்கும் சம்பந்தம் இருக்கா?

#6 லேப்கோட்

நெறையவே இருக்கு. இதழ் மாதிரி இருக்கிறது நாக்குப்பூ, அது பெண் பூ மட்டும், அதுல மகரந்தம் கிடையாது. ரெண்டா பிரிஞ்ச அந்த நூல்தான் சூல்முடி. குழாய் மாதிரி இருக்கிறது ஆண், பெண் ரெண்டும் உள்ள பூ, மகரந்தம் அங்கதான். டபுள் ஆக ஆக குழாய்ப்பூ குறைஞ்சு நாக்குப்பூ கூடுது, அதாவது விதை வைக்கிற இடம் கூடுது, ஆனா மகரந்தம் குறையுது. ஒரு பூத்தலைல நூத்துக்கணக்குல பெண் பூ இருந்து மகரந்தம் குடுக்க ஏழெட்டு பூ மட்டும் இருந்தா மிச்சம் எல்லாம் சாவியாத்தான் போகும். அதுக்கு பக்கத்துல மகரந்தம் நெறைய இருக்கிற செடியும் அதை எடுத்துட்டு வர்ற பூச்சியும் வேணும். ஜிஏ அடிச்சு தலையை பெருசாக்கினாலும் இந்த கணக்கு மாறாது.

ஜினியாவும் இதே கதைதான், ஆனா அதுல ஒரு வசதி உண்டு. நாக்குப்பூ விதைல காஞ்ச இதழ் ஒட்டிகிட்டே இருக்கும், பிடிச்சு இழுத்தா அடில அம்பு முனை மாதிரி தட்டையான விதை, அது தடிப்பா இருக்கா தாள் மாதிரி இருக்கான்னு விரல்ல தடவியே சொல்லிடலாம்.

#7 தேன்சிட்டு

இப்பதான் இந்த இழைய பாத்தேன். நான் தேனீ வளக்கிறவன், விதை எடுக்கிறவங்களுக்கு பெட்டி வச்சு குடுக்கிற பழக்கம் உண்டு. ஹார்மோனை பத்தி பேசுறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல எட்டு மணில இருந்து பத்து மணி வரைக்கும் உங்க பாத்தி பக்கத்துல உக்காந்து எத்தனை தேனீ, எத்தனை பட்டாம்பூச்சி வருதுன்னு பாருங்கம்மா. யாருமே வரலன்னா எந்த பாட்டிலும் விதையை நெறச்சு குடுக்காது.

இன்னொண்ணு முக்கியம், இதை யாரும் சொல்லல. ஜிஏவை மொட்டு உருவாகிற நேரத்துல அடிச்சா சில செடில மகரந்தமே கெட்டுப் போகும். சூரியகாந்தில மொட்டு சின்னதா இருக்கும்போது ஜிஏ அடிச்சு ஆண் மலடாக்கி கலப்பு விதை எடுக்கிறது பழைய முறை, தெரிஞ்சே செய்யிற வேலை. மேரிகோல்டு, ஆஸ்டர், ஜினியா எல்லாம் அதே குடும்பம்தான். மகரந்தம் ஏற்கெனவே கம்மியா இருக்கிற டபுள் பூவுக்கு மொட்டு தெரியிறப்ப அதை அடிக்கிறது எனக்கு சரியா படல.

#8 லேப்கோட்

தேன்சிட்டு சார் சொன்னது ரொம்ப சரி. ஆராய்ச்சி கட்டுரைல ஜிஏ 100, 200 பிபிஎம் அடிச்சு விதை கூடுச்சுன்னு வர்றதை பாத்தீங்கன்னா பெரும்பாலும் நட்டு ஒரு மாசம் வாக்குல, செடி இலையும் தண்டுமா வளர்ற கட்டத்துல அடிச்சிருப்பாங்க. அப்ப அடிச்சா இலைப்பரப்பு கூடும், கிளை நீளும், சீக்கிரம் பூக்கும். அதையே பூ மொட்டு உள்ள மகரந்தப்பை உருவாகிற நேரத்துல அடிச்சா பலன் தலைகீழா போக வாய்ப்பு இருக்கு. எவ்ளோ பிபிஎம்ங்கிறதை எல்லாரும் கேக்குறாங்க, எந்த கட்டத்துலன்னு கேக்குறவங்க கம்மி, எனக்கு அதுதான் பெருசா தெரியுது.

#9 வேர்மண்

குட்டையாக்குற மருந்து எப்படி பூவை கூட்டும்னு மொட்டுமலர் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன்.

சிசிசி, பேக்லோபியூட்ரசால், டேமினோசைடு இதெல்லாம் செடிக்குள்ள ஜிப்ரலின் உருவாகிறதை தடுக்கிற சாமான்கள், ஒவ்வொண்ணும் வேற வேற படில தடுக்கும். கணு இடைவெளி குறையும், இலை கருகருன்னு பச்சையாகும், தண்டு தடிக்கும். நுனியோட வேகம் குறையிறதால பல செடில பக்கத்துல தூங்கிட்டு இருக்கிற மொட்டெல்லாம் முழிக்கும், கிளைக்கு கிளை பூ. அதுவும் இல்லாம உயரமா போய் தலை கனத்து சாயிற செடில இது முட்டு குடுக்கிற வேலையை செய்யும். விதைப் பயிருக்கு இது ரொம்ப பெரிய விஷயம், ஏன்னா பூ பறிக்கிறவங்களுக்கு செடி பூத்ததோட வேலை முடிஞ்சுது, நமக்கு பூத்து, காஞ்சு, விதை கறுக்கிற வரைக்கும் வாரக்கணக்குல செடி நிமிந்து நிக்கணும். புல் விதை எடுக்கிறவங்க ரைகிராஸ்ல டிரைனெக்ஸபேக்ங்கிற குட்டையாக்குற மருந்து அடிக்கிறது இதே காரணத்துக்குத்தான், சாயாம நின்னா விதை கூடுது.

ரெண்டும் எதிரெதிர் மருந்து, ரெண்டுமே பூவுக்கு உதவும்னா குழப்பமாத்தான் இருக்கும். அசேலியாங்கிற பூப்புதரை பாருங்க. நுனி கிள்ளிட்டு குட்டையாக்குற மருந்து அடிச்சா இலையா போறதை நிறுத்தி பூ மொட்டு கட்டும். அந்த மொட்டு விரியணும்னா குளிர் வேணும், குளிர் இல்லன்னா ஜிஏ அடிச்சு அந்த குளிரோட வேலையை வாங்குறாங்க. அதே செடி, மொட்டு கட்டுறப்ப ஜிப்ரலின் கூடாது, மொட்டு விரியிறப்ப ஜிப்ரலின் வேணும்.

#10 மாடிச்செடி

அப்ப பேக்லோபியூட்ரசால் நேரா மண்ணுல ஊத்திடலாமா? ஒரு தடவை ஊத்துனா போதும், திரும்ப திரும்ப அடிக்க வேண்டாம்னு சொல்றாங்களே.

#11 வேர்மண்

தொட்டில வேணும்னா பாக்கலாம், பாத்தில தயவுசெஞ்சு வேண்டாம் ப்ரோ. அது வேர் வழியாவும் தண்டு வழியாவும் உள்ள போய் மேல்நோக்கி மட்டும் ஏறும், மண்ணுல போனா சீக்கிரத்துல அழியாது. இந்த சீசன் மேரிகோல்டுக்கு ஊத்தினதை அடுத்த சீசன்ல அங்க வைக்கிற பான்சி வாங்கிக்கும். பான்சி, பெகோனியா ரெண்டும் இதுக்கு ரொம்ப நோஞ்சான், கொஞ்சம் பட்டாலே முடங்கி அப்படியே நிக்கும். தொட்டிக்கே ஊத்துறது 1ல இருந்து 4 பிபிஎம் மாதிரி சின்ன அளவுதான், மரப்பட்டை நெறைய கலந்த கலவையா இருந்தா மருந்தை அது பிடிச்சுக்கும், பலன் குறையும். இலைக்கு அடிக்கிறதுன்னா 25% மருந்துல பத்து லிட்டருக்கு 1.2 மில்லி போட்டாலே 30 பிபிஎம், ஊசி போடுற சிரிஞ்சுல அளக்கணும், மூடில ஊத்தி கண்ணளவுல போடுற சாமான் இல்ல இது.

முடங்கிப் போச்சுன்னா குறைஞ்ச அளவுல ஜிஏ அடிச்சு மீட்கலாம், ஆனா அது வரைக்கும் போன நாள் விதைப் பயிர்ல திரும்ப வராது.

சிசிசி கொஞ்சம் சாது. 50% திரவம்னா லிட்டருக்கு 2 மில்லி போட்டா 1000 பிபிஎம். அடிச்ச சில நாள்ல இலை ஓரம் மஞ்சள் அடிக்கும், நோய்னு பயந்து வேற மருந்து அடிச்சுடாதீங்க, புது இலை பச்சையாவே வரும். டேமினோசைடு இலைக்கு மட்டும்தான், அடிச்சுட்டு ஒரு நாள் இலைல தண்ணி படக்கூடாது, செம்பு மருந்தோட சேக்கவும் கூடாது. அதை ஒரு காலத்துல ஆப்பிளுக்கும் அடிச்சாங்க, உடம்புக்கு ஆகாதுன்னு பெரிய பிரச்சனையாகி 1989ல அமெரிக்கால சாப்பிடுற பயிர்ல இருந்து எடுத்தாங்க, இப்ப அங்க அழகுச்செடிக்கு மட்டும்தான். இதை எதுக்கு சொல்றேன்னா, காலெண்டுலா, நாஸ்டர்ஷியம் மாதிரி சாப்பிடுற பூவும் அதே பாத்தில வச்சிருக்கவங்க இருப்பீங்க, அந்த செடி பக்கம் இந்த சாமான் எதுவும் போக வேண்டாம்.

#12 கிள்ளுவிரல்

எல்லாம் சரிங்க, ஆனா நான் ஒத்துக்காத ஒரு விஷயம் இருக்கு. மேரிகோல்டுக்கு கிளை வரணும்னா நுனியை கிள்ளுனா போச்சு, அதுக்கு எதுக்கு சிசிசி? நட்டு வேர் பிடிச்சு நாலஞ்சு ஜோடி இலை வந்ததும் நுனியை கிள்ளி விட்டா பக்கக்கிளை எல்லாம் ஒரே வேகத்துல வரும், பூவும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல வரும், விதையும் ஒண்ணா முத்தும். ஆக்சின்கிற ஹார்மோன் நுனில இருந்து இறங்கி பக்க மொட்டை அடக்கி வச்சிருக்கு, நுனி போனா அடக்குறதுக்கு ஆள் இல்ல, அவ்ளோதான் விஷயம். காசு இல்ல, கையுறை இல்ல, கணக்கு இல்ல. வீட்டுல பத்து இருபது செடி வச்சிருக்கவங்களுக்கு மருந்தை பத்தி சொல்றதே தேவையில்லாத வேலைன்னு நெனக்கிறேன்.

#13 நாத்தங்கால்

கிள்ளுவிரல் சொல்றதுல முக்கால்வாசிக்கு நான் உடன்படுறேன், மேரிகோல்டுக்கு கிள்ளுறதுதான் முதல் வைத்தியம். ஆனா ஏக்கர் கணக்குல விதை எடுக்கிறவன் ஒவ்வொரு செடியா கிள்ள ஆள் எங்க போவான்? அது மட்டும் இல்ல, கிள்ளுனா பூ கொஞ்ச நாள் தள்ளிப் போகும். மழைக்கு முன்னாடி விதை முத்தி ஆகணும்ங்கிற இடத்துல அந்த நாள் பெரிய நாள். கிள்ளவே கூடாத செடியும் இருக்கு, நடுத்தண்டுல ஒரே கதிரா பூக்கிற ஸ்டாக், பால்சம் ரகத்தை எல்லாம் கிள்ளுனா நல்ல விதை தர்ற நடுக்கதிரே போயிடும். அதனால கிள்ளுறதா அடிக்கிறதான்னு பொதுவா முடிவு பண்ண முடியாது, செடியை பாத்துதான்.

விதை ஒண்ணா முத்துறதுன்னு சொன்னீங்க பாருங்க அது தங்கமான பாயிண்ட். ஒரு செடில முதல் பூ காஞ்சு கொட்டுறப்ப கடைசிப் பூ இன்னும் மொட்டா இருக்கும். முதல்ல ரெண்டு மூணு பறிப்புல வர்ற விதைதான் கனமா இருக்கும், கடைசில வர்றது மெலிஞ்சிருக்கும். மொட்டுமலர் நீங்க எல்லா பறிப்பையும் ஒரே பைல போட்டு உதுத்தீங்களா, தனித்தனியா வச்சீங்களா?

#14 மொட்டுமலர்

ஒரே பைல தான் அண்ணா. இனிமே பறிப்பு வாரியா தனித்தனி கவர்ல போட்டு எழுதி வைக்கிறேன். தேன்சிட்டு சார் சொன்ன மாதிரி காலைல உக்காந்து பாத்தேன், ஜினியாக்கு பட்டாம்பூச்சி வருது, மேரிகோல்டு டபுளுக்கு தேனீ கிட்டத்தட்ட வரவே இல்ல, வந்ததும் ஒரு சுத்து சுத்திட்டு போயிடுது. அதுல எடுக்க ஒண்ணும் இல்லன்னு அதுக்கு தெரிஞ்சிருக்கு போல.

#15 தேன்சிட்டு

ஆமாம்மா, அதுக்கு மகரந்தமும் தேனும் வேணும், நிறம் மட்டும் போதாது. அந்த பாத்தி ஓரத்துல அதே ரகத்துல குழாய்ப்பூ கொஞ்சம் அதிகமா தெரியிற செடியை பிடுங்காம விடுங்க. டபுள் கெட்டுடுச்சுன்னு எல்லாரும் முதல்ல அதைத்தான் பிடுங்குறாங்க, பாத்திக்கே மகரந்தம் குடுக்கிறது அதுதான். வேற ரகமா இருந்தா கலந்துடும், அதை மட்டும் பாத்துக்கோங்க. மருந்து எது அடிச்சாலும் பூ திறந்திருக்கிற காலை நேரத்துல அடிக்காதீங்க.

#16 கமீலியாபித்தன்

தலைப்பை விட்டு கொஞ்சம் தள்ளி வர்றேன், ஆனா ஜிஏன்னா எனக்கு இதை சொல்லாம இருக்க முடியல. கமீலியா வளக்கிறவங்க ஒரு வேலை பண்ணுவோம். கிளை நுனில பூ மொட்டும் அதுக்கு பக்கத்துலயே ஒல்லியா கூர்மையா இலை மொட்டும் சேந்து இருக்கும். இலை மொட்டை மட்டும் விரலால மெதுவா திருகி எடுத்துடணும், அடில சின்ன கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் நிக்கும். அந்த பள்ளத்துல ஒரே ஒரு சொட்டு ஜிஏ கரைசல். அவ்ளோதான். செடி முழுக்க அடிக்கிறதே இல்ல. பக்கத்துல இருக்கிற அந்த ஒரு பூ மட்டும் வழக்கத்தை விட சீக்கிரமா, பெருசா விரியும். எல்லா மொட்டுக்கும் பண்ணக்கூடாது, அந்த கிளைக்கு அடுத்த வளர்ச்சி வேணும் இல்லையா, அங்கங்க நல்ல மொட்டா பாத்து பண்ணனும். கண்காட்சிக்கு பூ கொண்டு போறவங்க இதை ரொம்ப காலமா செய்யிறாங்க. எனக்கு இது பிடிச்ச காரணம், எந்த பூவுக்கு எப்ப வேணும்னு பாத்து ஒரு சொட்டோட நிறுத்துறது.

சைக்ளமன்லயும் அப்படித்தான், குறைஞ்ச அளவு ஜிஏ, ஒரே ஒரு தடவை, இலைக்கு நடுவுல மொட்டு கூட்டமா தெரியிறப்ப. அளவு கூடுனா காம்பு நீண்டு பூவை தாங்காம தொங்கும்.

#17 லேப்கோட்

அருமையா சொன்னீங்க. இதே மாதிரி கட்டம்தான் எல்லாம்ங்கிறதுக்கு எனக்கு பிடிச்சது கிறிஸ்துமஸ் கள்ளி. அதுல பென்சைல் அடினின்கிற சைட்டோகைனின் வகை ஹார்மோன் 100 பிபிஎம் அடிச்சா, நீண்ட பகல்ல இருக்கிறப்ப அடிச்சா புது தண்டுத்துண்டு கூடும், குறும்பகல் ஆரம்பிச்சு பூவுக்கு திரும்புன பிறகு அடிச்சா பூ மொட்டு கூடும். செடி எந்த பக்கம் போயிட்டு இருக்கோ அந்த பக்கத்தை அது பெருக்குது.

அன்னாசி குடும்பத்து புரோமீலியட்ல வேற கதை, அதுக்கு எத்திலின்கிற வாயுதான் பூவை வரவைக்கும். அதுக்கு எத்திலினா மாறுற எத்தஃபான் மருந்தை அடிக்கிறவங்க தண்ணியோட பிஎச் பாத்துக்கோங்க. எத்தஃபான் புளிப்பான தண்ணிலதான் நிலையா இருக்கும், பிஎச் 5க்கு மேல போனா டேங்க்லயே எத்திலினா மாறி காத்துல போயிடும், செடிக்கு உள்ள போய் மாறவேண்டியது வெளிலயே முடிஞ்சுடும். உப்புத்தண்ணி, கடினத்தண்ணி உள்ள இடத்துல மருந்து வேலை செய்யலன்னு சொல்றவங்க முதல்ல தண்ணியை பாக்கணும். கண்ணுல பட்டா ரொம்ப மோசம், கண்ணாடி போடாம கலக்காதீங்க. விதைக்கு விட்ட பூத்த பாத்திக்கு இதை கொண்டு வந்துடாதீங்க, மொட்டும் பூவும் உதிர்றதுக்குத்தான் கட்டிங் எடுக்கிற தாய்ச்செடில இதை அடிக்கிறாங்க.

#18 புதுநாத்து

விதை முளைக்க ஜிஏல ஊற வைக்கலாமா? என்கிட்ட இருக்கிற ப்ரிமுலா விதை முளைக்கவே மாட்டேங்குது. அப்புறம் எஃப்1 (முதல் தலைமுறை கலப்பினம்) பாக்கெட் மேரிகோல்டுல இருந்து எடுத்த விதை வேற மாதிரி வருது, அதுக்கும் ஹார்மோன் குறைவுதான் காரணமா?

#19 நாத்தங்கால்

ரெண்டாவது கேள்விக்கு ஒரே வரி, எஃப்1ல எடுத்த விதை தாய் மாதிரி வராது, எந்த மருந்தும் அதை மாத்தாது. விதை எடுக்கணும்னா நிலையான ரகத்துல இருந்து எடுங்க.

ப்ரிமுலா, ஜென்ஷியன் மாதிரி தூங்குற விதைக்கு ஜிஏல ஒரு நாள் ஊறப்போடுறது உண்டு, குளிர்ல வைக்க வேண்டிய வேலையை அது ஓரளவு குறைக்கும். ஆனா அளவு கூடுனா நாத்து நூல் மாதிரி நீண்டு மடங்கிடும். ஒரு பாதி விதையை வெறும் தண்ணில ஊற வச்சு பக்கத்துலயே போட்டு பாருங்க, தண்ணிலயே முளைச்சா மருந்து எதுக்கு. ப்ரிமுலா நெறைய வகைக்கு வெளிச்சம் வேணும், ஆழமா புதைச்சிருந்தா அதுவே காரணமா இருக்கும்.

#20 மொட்டுமலர்

இவ்ளோ பேர் நேரம் எடுத்து எழுதுனதுக்கு நன்றி. நான் இப்ப யோசிக்கிறது, மேரிகோல்டுக்கு மருந்து வேண்டாம், கிள்ளிட்டு மகரந்த செடியை விட்டு வைக்கிறேன். ஜினியா அப்படியே இருக்கட்டும். ஆஸ்டர் மட்டும் பகல் குறையிற நேரத்துல வருது, லேப்கோட் தம்பி சொன்ன மாதிரியே தரையோட ஒட்டி உக்காந்திருக்கு, மொட்டு இன்னும் தெரியல. அதுக்கு மட்டும் ஜிஏ போட்டு பாக்கலாம்னு இருக்கேன். எப்படி போட்டா பலன் வந்துச்சா இல்லையான்னு தெளிவா தெரியும்?

#21 நாத்தங்கால்

நல்ல முடிவும்மா. பாத்தி முழுக்க அடிச்சா எதோட ஒப்பிட்டு பாப்பீங்க? பாத்தியை துண்டு துண்டா பிரிங்க, அடிச்ச துண்டு, அடிக்காத துண்டு மாத்தி மாத்தி வரட்டும், ஒரு பக்கம் வெயில் அதிகம்னா ரெண்டுக்கும் சமமா போயிடும். அடிக்காத துண்டுக்கும் வெறும் தண்ணி, அதே அளவு ஆல்கஹால், மருந்து இலைல ஒட்ட போடுற அதே ஸ்டிக்கர் திரவம் கலந்து அடிங்க, ஏன்னா ஆல்கஹாலும் ஸ்டிக்கரும் கூட இலையை ஏதாவது பண்ணலாம். நடுவுல ஒரு அட்டை பிடிச்சுகிட்டு அடிங்க, சாரல் பக்கத்து துண்டுல விழக்கூடாது. 50ல ஒரு துண்டு, 100ல ஒரு துண்டு போதும், அதுக்கு மேல போகாதீங்க. வெயில் தாழ்ந்த பிறகு அடிங்க, இலை சீக்கிரம் காயாம இருந்தா உள்ள போக நேரம் கிடைக்கும்.

பூவை எண்ணாதீங்க. அதாவது எண்ணுங்க, ஆனா அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. செடிக்கு எவ்ளோ கிராம் விதை, ஆயிரம் விதை என்ன எடை, நூறு விதை ஈரத்தாள்ல போட்டா எத்தனை முளைக்குது, இந்த மூணுதான் நமக்கு வேணும். எடை கூடி முளைப்பு குறைஞ்சா அது பலன் இல்ல.

#22 லேப்கோட்

அக்கா ஒண்ணு சேத்துக்கோங்க, அடிச்ச துண்டுல செடி உயரமா போகும், முன்கூட்டியே குச்சியும் கயிறும் தயாரா வச்சுக்கோங்க. தழைச்சத்தை அந்த நேரத்துல கூட்டாதீங்க, ஜிஏவும் தழைச்சத்தும் சேந்தா தண்டு சதைப்பத்தா வளந்து சாயும். போரான் குறைவான மண்ணுன்னா மகரந்தக்குழாய் வளர்றதே தடைபடும், மண்ணு பாத்துட்டு தேவைன்னா மட்டும் குடுங்க, போரான் கூடுனா இலை நுனி கருகும்.

#23 மொட்டுமலர்

சரி தம்பி, குச்சி வெட்டி வச்சாச்சு. ஆஸ்டர் பாத்தியை எட்டு துண்டா பிரிச்சு அட்டை குத்தியிருக்கேன், நாலு மருந்துக்கு, நாலு வெறும் தண்ணிக்கு. நாலு மருந்து துண்டுல ரெண்டு 50, ரெண்டு 100. மொட்டு தெரியிறதுக்கு முன்னாடி இந்த வாரமே அடிச்சிடுறேன். விதை எடை போட்டதும் இங்கயே எழுதுறேன், பலன் இல்லன்னாலும் எழுதுறேன்.

#24 கிள்ளுவிரல்

கட்டாயம் எழுதுங்க. ஒரு வேண்டுகோள், தண்ணி அடிக்கிற துண்டுல ஒரு துண்டுல மட்டும் பாதி செடியை நுனி கிள்ளி விடுங்களேன். ஒட்டி உக்காந்திருக்கிற ஆஸ்டர்ல கிள்ளுறது வேலை செய்யாதுன்னுதான் நான் நெனக்கிறேன், தண்டே எழும்பாத செடில கிள்ள நுனி எங்க இருக்கு, ஆனாலும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடலாம்.

#25 மொட்டுமலர்

கடைசி துண்டுல பண்றேன். அந்த செடிக்கு தனியா சிவப்பு நூல் கட்டி, விதையும் தனி கவர்ல எடுக்கிறேன்.